இங்கே வேண்டாம் என்றால் எங்கே?

ஜொகூரின் லாயாங் லாயாங் பக்கம் கழிவை மட்க வைக்கும் உரக்கூடம் ஒன்று வரப்போகிறது என்று யாராவது பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். மறு ஞாயிற்றுக்கிழமைக்குள் மனு தயாராகிவிடும். கோயில் மண்டபமானாலும் காப்பிக்கடையானாலும் ஒரே பட்டியல்தான் ஓடும்: நாற்றம் வரும், ஈ மொய்க்கும், தண்ணீர் கெடும், பிள்ளைகளுக்கு நோய் வரும், வீட்டு விலை விழும். கடைசியில், ‘உரம் நல்லதுதான், ஆனால் எங்கள் ஊரில் வேண்டாம்’ என்று முடிப்பார்கள். ரெங்கத்திலும் கூலாயிலும் கேட்டால் இதையேதான் சொல்வார்கள். கேரளத்தில் இதையே மலையாளத்தில் சொன்னார்கள்.

இந்த ஐந்து அச்சங்களில் ஒன்றுகூட அசட்டுத்தனமானது இல்லை. ஐந்துமே உலகில் எங்கெங்கோ நடந்தவைதாம். அச்சப்படுகிறவர்களைப் ‘படிக்காதவர்கள்’ என்று ஒதுக்கும் நிறுவனத்தாரோடு எனக்கு எந்த உடன்பாடும் கிடையாது. ஆனால் அந்த அச்சங்களிலிருந்து நேராக ‘வேண்டாம்’ என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். உரக்கூடம் கேட்டு வருபவனிடம் நிபந்தனை போடும் வலிமை ஊருக்கு இருக்கிறது. வாசலிலேயே கதவைச் சாத்தும் ஊர் அந்த வலிமையைத் தானே தூக்கி எறிகிறது.

முதலில், கதவைச் சாத்துவதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். உரக்கூடத்தை விரட்டிவிட்டால் கழிவு காணாமல் போய்விடாது. சோற்று மிச்சம், மீன் குடல், காய்கறித் தோல், பருவம் வந்தால் டுரியான் தோல், அன்னாசித் தோல் எல்லாம் பையில் கட்டப்பட்டு லோரி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகும். மலேசிய வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவுக் கழிவு. அதைப் பிளாஸ்டிக்கோடும் மற்ற குப்பையோடும் சேர்த்துக் காற்றுப் புகாமல் புதைத்தால் இரண்டு பொருள்கள் பிறக்கும். ஒன்று மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு. மற்றது கசிவுநீர், அமோனியா நிறைந்த கறுப்புத் தண்ணீர்.

அந்தக் கறுப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. லாயாங் லாயாங் சட்டமன்றத் தொகுதி எந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கிறதோ, அந்தச் சிம்பாங் ரெங்கத்திலேயே நடந்தது. அங்கிருந்த குப்பைமேட்டின் கசிவுநீர் பெனுட் ஆற்றில் கலந்தது. குடிநீருக்காக எடுக்கும் ஆற்றுநீரில் அமோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அது தாண்டியபோதெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். குழாயில் தண்ணீர் நின்றது. தண்ணீர் லோரிக்காக மக்கள் வாளியோடு காத்திருந்தார்கள். 2019-இல் அது நாடறிந்த விவகாரமாகி, குப்பைமேட்டை மூடுவோம் என்று மத்திய அமைச்சரே சொல்ல வேண்டி வந்தது. ‘தண்ணீர் கெடும்’ என்று சொல்லி உரக்கூடத்தை மறுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும். நம் வட்டாரத்தில் தண்ணீரைக் கெடுத்தது, ஈரக்கழிவைப் பிரிக்காமல் புதைத்த பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு மாற்றாகத்தான் உரக்கூடத்தைப் பேசுகிறோம்.

இனி நாற்றம். உரக்குவியல் நாறுவது இயற்கை என்று எதிர்ப்பவர்களும் சொல்கிறார்கள், சில நிறுவனத்தாரும் சொல்கிறார்கள். இரு தரப்பும் தவறு. மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு மூன்று தேவை: காற்று, ஈரம், கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையே சரியான விகிதம். தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வேண்டும். ஈரம் பாதிக்குச் சற்று மேல் இருக்கலாம். குவியலின் நடுவரை காற்று போக வேண்டும். கோழி எருவை மட்டும் குவித்தால் தழைச்சத்து மிஞ்சி அமோனியாவாகப் பறக்கும், கண் எரியும். சோற்றையும் மீனையும் மட்டும் குவித்தால் நசநசத்துக் காற்று அடைபட்டு அழுகிய முட்டை நாற்றம் வரும். மரத்தூள், காய்ந்த இலை, செம்பனைக் குலையின் நார் ஆகியவற்றை அளவோடு கலந்து, வேளைக்குப் புரட்டினால் இரண்டும் அடங்கும். உரக்கூடம் நாறினால், நடத்துபவன் கலவையில் கஞ்சத்தனம் செய்கிறான், அல்லது தாங்குவதைவிட அதிகமாக லோரியை உள்ளே விடுகிறான். அதைப் பிழை என்று பெயர் சொல்லிப் பிடிக்கலாம். திருத்தும்வரை லோரியை நிறுத்தச் சொல்லலாம். ‘இயற்கை’ என்று ஒப்புக்கொண்டுவிட்டால் யாரைப் பிடிப்பது?

இது புதிதாக இறக்குமதியான வித்தையும் இல்லை. வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் இருந்தபோது வகுத்த முறை இன்றும் அந்த ஊரின் பெயராலேயே வழங்குகிறது. பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, புரட்டிப் புரட்டி மூன்று மாதத்தில் எருவாக்கும் முறை அது. ஆசிய உழவர்களிடமிருந்து கற்றதை முறைப்படுத்தியதே தம் வேலை என்பதை அவர் மறைக்கவில்லை.

நாற்றம் பற்றிப் பேசும்போது நம் மூக்கின் பாரபட்சத்தையும் சொல்லியாக வேண்டும். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் கழிவுநீர்க் குளத்தின் வாடை தெரியும். ஒரு டன் பழக்குலையை ஆட்டினால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். இருநூறு கிலோவுக்கு மேல் வெறுங்குலை மிஞ்சும். அந்தக் கழிவுநீரின் உயிர்வளித் தேவை (மாசை அளக்கும் அளவுகோல்) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும்; வெளியே விடும்போது அதை 100-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது 1977 செம்பனை ஆலை விதிகளின் வழி வந்த வரம்பு. இந்தப் பெரிய இறக்கத்தை ஆலைகள் பெரும்பாலும் திறந்த குளங்களில் வாரக்கணக்கில் ஊறப்போட்டே சாதித்தன. பல தலைமுறையாக அந்த வாடையைச் ‘சம்பளம் தரும் வாடை’ என்று சகித்தோம். அதே கழிவுநீரை நறுக்கிய வெறுங்குலையின் மேல் தெளித்துப் புரட்டினால் பத்து, பன்னிரண்டு வாரத்தில் இரண்டுமே உரமாகும் என்று பல ஆலைகள் செய்து காட்டிவிட்டன. குளத்தைச் சகித்த ஊர் குவியலுக்கு மட்டும் மூக்கைப் பொத்துவது எந்த நியாயத்தில்?

அடுத்தது ஈ. ஜொகூரில் கோழிப்பண்ணைக்கு அருகே குடியிருப்பவர்களிடம் ஈயைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. ஆனால் ஈ எங்கே முட்டையிடுகிறது என்று பாருங்கள். பச்சை எருவில், அழுகும் சோற்றில், சூடேறாத ஈரக் குப்பையில். நம் வெப்பத்தில் முட்டை ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். நன்றாக வேலை செய்யும் உரக்குவியலின் உள்ளே வெப்பம் 55 பாகையைத் தாண்டும்; அதில் புழு பிழைக்காது. ஓரங்களில் வெப்பம் குறைவு என்பதால் அங்கே பிழைக்கும். ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்டினால் அதுவும் போகும். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை புரட்டும் கூடத்தில் ஈயின் வாழ்க்கைச் சுற்று பாதியில் அறுந்துவிடும். இன்று நடப்பது என்ன? மட்காத கோழி எருவை மூட்டையாக வாங்கிக் காய்கறிப் பாத்தியிலும் செம்பனை அடியிலும் கொட்டுகிறார்கள். அந்த மூட்டைதான் ஈப்பண்ணை. உரக்கூடம் வந்தால் ஈ வரும் என்பவர்கள், மூட்டையைத் திறந்து பார்த்த பிறகு பேசட்டும்.

தோட்டத்துக்காரர்கள் இன்னொன்றைச் சொல்வார்கள்; ஊர்க்கூட்டத்தில் அதைக் கேட்க மாட்டீர்கள். அழுகும் வெறுங்குலைக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; வண்டு பறந்துபோய் இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும். முற்றிலும் உண்மை. பல மாதம் அசையாமல் கிடக்கும் குவியலே அந்த வண்டுக்குத் தாய்வீடு. சூடேற்றிப் புரட்டும் குவியலில் அது வளர வழியில்லை. இங்கேயும் குற்றவாளி, ஏற்கெனவே நம்மைச் சுற்றிக் கவனிப்பாரின்றிக் கிடக்கும் குவியல்தான்.

தண்ணீருக்கு வருவோம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பூமி இது. திறந்தவெளியில், மண் தரையில் குவித்த உரம் ஒரு மழைக்கே கறுத்த நீராக ஓடும். இந்த வட்டாரத்து ஓடைகள் பெனுட், சாயோங் போன்ற ஆறுகளில் போய்ச் சேர்கின்றன. சாயோங் ஜொகூர் ஆற்றின் கிளை. அந்த ஆற்றிலிருந்துதான் 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்கிறது. ஜொகூர் மக்களும் அதைத்தான் குடிக்கிறார்கள். ஆகவே கூரையும் காரைத் தரையும் சுற்று வாய்க்காலும் கசிவுநீர்த் தொட்டியும் இல்லாத உரக்கூடத்துக்கு இங்கே இடமே இல்லை. இதில் நான் எதிர்ப்பாளர்களைவிடக் கறாரானவன். ஆனால் கூரை போட்ட தரையில் விழுந்த கசிவுநீரைத் தொட்டியில் பிடித்து, அதே குவியலுக்கு ஈரமாகத் திருப்பித் தெளிக்க முடியும். பூமிக்குள் பத்து மீட்டர் ஆழத்தில் புதைத்ததை யாரும் அப்படித் திருப்பிப் பிடிக்க முடியாது.

நோய் பற்றிய அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. உலர்ந்த குவியலைப் புரட்டும்போது பூஞ்சை வித்துகள் காற்றில் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் அவை ஆகாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை, வீடோ வேலையிடமோ 250 மீட்டருக்குள் இருந்தால் அந்த இடத்துக்கென்றே ஆபத்து மதிப்பீடு செய்யச் சொல்கிறது. நாமும் அந்தத் தூரத்தைக் கேட்கலாம். தாமானுக்கும் பள்ளிக்கும் ஒட்டி வேண்டாம் என்பது நியாயமான கோரிக்கை. செம்பனைக்கு நடுவே பல நூறு ஏக்கர் விரிந்து கிடக்கும் மாவட்டத்தில் 250 மீட்டர் இடைவெளிக்கு இடமில்லை என்பதை மட்டும் நம்ப முடியாது.

எதிர்ப்பாளர்களின் மிக வலுவான சாட்சி கேரளத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் நகரம் தன் குப்பையை உரமாக்க 2000-இல் விளப்பில்சாலா என்ற கிராமத்தில் ஓர் ஆலையைத் திறந்தது. ஊரார் பத்தாண்டுக்கு மேல் நாற்றத்தையும் கெட்ட ஓடையையும் தாங்கினார்கள். 2011 டிசம்பரில் ஊராட்சி அந்த ஆலையைப் பூட்டியது. மறு ஆண்டு போலீஸ் துணையோடு திறக்க வந்தபோது ஆண்களும் பெண்களும் சாலையில் படுத்து மறித்தார்கள். ஆலை திறக்கவேயில்லை. இதோ பாருங்கள், உரக்கூடம் என்றால் இதுதான் என்பார்கள்.

பார்க்கத்தான் வேண்டும், ஆனால் முழுவதும் பார்க்க வேண்டும். விளப்பில்சாலாவுக்கு வந்தது பிரிக்காத குப்பை. பிளாஸ்டிக், கண்ணாடி, துணி, சோறு எல்லாம் ஒரே லோரியில் வந்தன. உரமாகாத மிச்சம் மலையாகக் குவிந்தது. மழை அதை ஓடைக்கு இழுத்தது. பலகையில் உரக்கூடம், உள்ளே குப்பைமேடு. ஊரார் பூட்டியது சரி. அதன் பிறகு நடந்ததைத்தான் நம் எதிர்ப்பாளர்கள் சொல்வதில்லை. கொட்ட இடமிழந்த திருவனந்தபுரம் உரமாக்குவதைக் கைவிடவில்லை. அதை நகரத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. வீட்டுக்கு வீடு குழாய் உரம், கழிவிலிருந்து சமையல் எரிவாயு எடுக்கும் கலம், தெருவோரங்களில் காற்றுப் புகவிட்டு மட்க வைக்கும் தும்பூர்முழி முறைத் தொட்டிகள். இதே போன்ற எதிர்ப்பால் 2012-இல் தன் ஆலையை இழந்த ஆலப்புழை நகரமும் அந்த வழியில்தான் போனது; 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகின் ஐந்து முன்மாதிரி நகரங்களில் ஒன்றாக அதைக் காட்டியது. கேரளம் தரும் பாடம் இரட்டைப் பாடம். கலப்படக் குப்பைக்கு உரக்கூடம் என்று பெயர் வைக்க விடாதே. பிரித்த ஈரக்கழிவை வீட்டு வாசலிலேயே உரமாக்கினாலும் யாரும் ஓட மாட்டார்கள்.

‘ஏன் எப்போதும் நம் ஊர்?’ என்பது வீட்டு விலைக் கவலைக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வியாகப் படுகிறது. பெருநகரங்கள் தங்களுக்கு வேண்டாததைத் தோட்டப்புறத்துக்குத் தள்ளும். அங்கே நிலம் மலிவு. மக்களின் குரலும் மலிவு என்று நினைப்பு. பால்மரக் காலத்திலிருந்தே இந்தக் கணக்கு நமக்குப் பழக்கம். ஆகவே ஜொகூர் பாருவின் குப்பைக்கெல்லாம் லாயாங் லாயாங் மடியாக வேண்டும் என்று யாராவது வந்தால், மறுப்பதே மானம். ஆனால் இந்த வட்டாரத்தின் சொந்தக் கழிவை, இந்த வட்டாரத்தின் மண்ணுக்கே எருவாகத் திருப்பும் கூடம் வேறு வழக்கு. செம்பனை மண்ணிலிருந்து உறிஞ்சும் சாம்பல் சத்தை ஈடுகட்டும் பொட்டாஷ் உரம் நமக்குக் கப்பலில் வருகிறது. ஒரு டன் வெறுங்குலையில் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமமான சத்து இருப்பதாகத் தோட்ட வேளாண் நூல்கள் கணக்குச் சொல்கின்றன. நம் வட்டாரத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயரைச் செம்பனை விதை ஆராய்ச்சி உலகம் முழுக்க அறியும்; டெலி டூரா என்னும் செம்பனை வகையின் புகழ்பெற்ற வம்சம் ஒன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகத்துக்கு விதை கொடுத்த மண், தன் சத்தைக் குப்பைமேட்டில் புதைத்துவிட்டு வெளிநாட்டு மூட்டைக்குக் காத்திருப்பதில் என்ன பெருமை?

கடைசியாக ஒரு மறுப்பு மிஞ்சும். ‘நிபந்தனையெல்லாம் காகிதத்தில் இருக்கும். அதிகாரிகள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் காற்றில் போகும்.’ இதைச் சொல்பவர்கள் அனுபவத்தில் பேசுகிறார்கள். ஆனால் அதே அதிகாரிகள்தானே குப்பைமேட்டையும் கண்காணிக்கிறார்கள்? மேற்பார்வையை நம்ப முடியாது என்றால், மேற்பார்வைக்கு அதிகாரியே தேவைப்படாத ஏற்பாட்டைத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். புதைகுழியின் அடித்தாள் கிழிந்ததா என்பதை அறிய ஆழ்துளைக் கிணறும் ஆய்வகமும் வேண்டும். உரக்குவியல் நம் கண்முன் தரைக்கு மேல் கிடக்கிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பி வெப்பமானியைச் செருகினால் தமிழ்ப்பள்ளி மாணவனும் அதன் உடல்நலத்தைச் சொல்லிவிடுவான். புதுக் குவியல் 55 பாகைக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் கூடம் தூங்குகிறது என்று பொருள். இவ்வளவு எளிதாக ஊரார் தணிக்கை செய்யக்கூடிய கழிவுத் தொழில் வேறில்லை.

ஆகவே, வருபவனிடம் கேட்க வேண்டியவை இவை. பிரித்த ஈரக்கழிவு மட்டும். ஒரு லோரி கலப்படக் குப்பை வந்தாலும் திருப்பி அனுப்பு. ஒரு நாளுக்கு இத்தனை டன், இன்னின்ன ஊரிலிருந்து மட்டும் என்று உரிமத்திலேயே எழுது. கூரை, காரைத் தரை, பெருமழையைத் தாங்கும் தொட்டி கட்டிய பிறகே முதல் லோரி. அமெரிக்கா சாக்கடைக் கசடு உரத்துக்கு விதித்த அளவுகோலை இங்கேயும் வை: 15 நாள் 55 பாகைக்குக் குறையாமல், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டல். வெப்பக் குறிப்பேட்டை வாசலில் தொங்கவிடு. ஓடையின் மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் மாதந்தோறும் நீர் எடுத்து, ஊர் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பு, செலவு உன்னுடையது. நாற்றப் புகார் உறுதியானால் சரிசெய்யும்வரை புதுக் கழிவை எடுக்காதே. விட்டுவிட்டு ஓடினால் இடத்தைச் சுத்தம் செய்யப் போதுமான வைப்புத்தொகையை முன்கூட்டியே மாவட்ட மன்றத்தில் கட்டு. நகரத் திடக்கழிவு உரக்கூடம் 1987-ஆம் ஆண்டு ஆணையிலேயே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுப் பட்டியலில் இருந்தது. எனவே மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. இவையெல்லாம் ஒப்பந்தத்தில் ஏறிய பிறகு, ஊரின் இரவுச்சந்தைக் கழிவையும் கோயில் கழிவையும் வைத்துச் சிறிய அளவில் தொடங்கட்டும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டலாமா என்று முடிவு செய்யலாம்.

இவற்றுக்கு உடன்படாத நிறுவனம் வந்தால் விரட்டுங்கள். அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கும். எல்லாவற்றுக்கும் உடன்படுகிறவனையும் விரட்டினால், நாம் எதிர்த்தது நாற்றத்தை அல்ல என்று ஆகிவிடும். அன்று நம் வீட்டு ஈரக்கழிவு இன்னோர் ஊரின் குழிக்குப் போகும். மனு எழுதத் தெரியாத, கூட்டம் கூட்ட ஆளில்லாத ஊராகப் பார்த்துத்தான் அந்தக் குழியைத் தோண்டுவார்கள். அந்த ஊரில் இருக்கப்போகிறவர்களும் பெரும்பாலும் நம்மைப் போல் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தாம்.